கமராவுக்குப் பொட்டு ஒட்டினேன், காதை மறந்துவிட்டேன்

கேள்வி: என் லப்டொப்பின் கமராவையும் மைக்கையும் எனக்குத் தெரியாமல் யாரும் இயக்காதபடி எப்படிப் பாதுகாப்பது? கமராவில் டேப் ஒட்டினால் போதுமா? "உன்னைக் கமராவில் பதிவு செய்துவிட்டோம், பணம் அனுப்பு" என்று ஒரு மின்னஞ்சலும் வந்திருக்கிறது.

முதலில் அந்த மின்னஞ்சலைப் பார்ப்போம். இன்றிரவு உங்கள் தூக்கத்தைக் கெடுக்கப்போவது அதுதான். உங்கள் பழைய கடவுச்சொல் ஒன்றை அதில் எழுதியிருந்தார்களா? பிட்கொயினில் காசு கேட்டார்களா? அப்படியென்றால் 2018 இலிருந்து உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும் கடிதம்தான் உங்களுக்கும் வந்திருக்கிறது. ஏதோ ஒரு தளத்திலிருந்து எப்போதோ திருடுபோன மின்னஞ்சல், கடவுச்சொல் பட்டியலை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே கடிதத்தை அனுப்புகிறார்கள். கடவுச்சொல்லைப் பார்த்ததும் நாம் பயந்துவிடுவோம் என்பதுதான் அவர்களின் முழு முதலீடு. கையில் வீடியோ இருக்கிறவன் வெறும் கடிதத்தோடு நிற்கமாட்டான். காசு அனுப்பாதீர்கள், பதிலும் எழுதாதீர்கள். அந்தக் கடவுச்சொல் இன்னும் எங்காவது பாவனையில் இருந்தால் மட்டும் உடனே மாற்றிவிடுங்கள். எந்தத் தளத்திலிருந்து கசிந்தது என்று அறிய ஆசை இருந்தால், ட்ரோய் ஹன்ட் என்ற அவுஸ்திரேலியர் 2013 இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்துப் பார்க்கலாம்.

சரி, டேப்.

கமராவுக்கு டேப் போதும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எவ்வளவு கெட்டிக்காரத் திருடனாலும் ஒரு கடதாசித் துண்டை ஊடுருவிப் பார்க்க முடியாது. 2016 இல் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பேர்க் வெளியிட்ட படம் ஒன்றில் அவருடைய லப்டொப்பின் கமராவிலும் மைக் பக்கத்திலும் டேப் ஒட்டியிருந்ததைக் கண்டு பலர் சிரித்தார்கள். அதே ஆண்டு, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் கோமி தானும் கமராவில் டேப் ஒட்டியிருப்பதாகச் சொன்னார். நான் ஒட்டியது அம்மாவின் ஒட்டுப்பொட்டு. கறுப்பு நிறம், நடுத்தர அளவு. வகுப்பு எடுக்கும்போது உரித்துத் திரையின் ஓரத்தில் ஒட்டி வைப்பேன், முடிந்ததும் திரும்பக் கமராவில். பெண்கள் கண்ணாடியில் பொட்டு ஒட்டி வைக்கிற அதே பழக்கம்தான். ஒரே குறை, எங்கள் திருகோணமலை வெக்கைக்குப் பசை இளகி லென்ஸில் படிந்துவிடுகிறது. அப்புறம் நீங்கள் பனிமூட்டத்துக்குள் இருந்து பேசுவது போலத் தெரிவீர்கள். பொட்டுக்கு நடுவில் குண்டூசித் தலையளவு கடதாசி வைத்து ஒட்டுங்கள், தீர்ந்தது.

மக்புக் வைத்திருப்பவர்கள் கடையில் விற்கும் இழுத்து மூடும் பிளாஸ்டிக் மூடியை ஒட்ட வேண்டாம். திரைக்கும் விசைப்பலகைக்கும் இடையில் உள்ள இடைவெளி அவ்வளவு சின்னது. தடித்த மூடியோடு லப்டொப்பை மூடினால் திரை வெடிக்கலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. 0.1 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாதாம், அதாவது ஒரு தாளின் தடிப்பு. பொட்டு கொஞ்சம் தடிப்பானது, எனவே மூடும்போது உரித்துவிடுங்கள்.

"கமரா இயங்கினால் பக்கத்தில் விளக்கும் எரியுமே, அது போதாதா?" என்று என் தம்பி கேட்டான். புதிய லப்டொப் என்றால் பெரும்பாலும் நம்பலாம், பழையதை நம்பமாட்டேன். 2008க்கு முந்திய சில மக்புக், ஐமக்குகளில் விளக்கை எரியவிடாமல் கமராவை மட்டும் இயக்கலாம் என்று ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல் செய்து காட்டினார்கள். ஆப்பிளோடு முடிந்த கதை என்று நினைத்தால், 2024 இல் ஓர் ஆய்வாளர் லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்230 லப்டொப்பிலும் அதையே செய்து காட்டினார். கமராவுக்குள் இருக்கும் சின்ன நிரலை மாற்றி எழுதிவிட்டால் போதும், விளக்கு அவர் சொன்னபடி கேட்கிறது. நம்மூரில் செகண்ட் ஹாண்டாக வாங்கும் லப்டொப்புகளில் திங்க்பேட் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்லாமல் மைக்கைப் பற்றிப் பேசினால் புரியாது.

2021, ஊரடங்குக் காலம். நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு சூமில், 38 பிள்ளைகள். எங்கள் வீடு கோட்டைக்கு அதிக தூரமில்லை. தெருவில் ஆளும் இல்லை வாகனமும் இல்லை என்றதும் கோட்டைப் பக்கத்து மான்கள் ஒழுங்கைக்குள்ளும் வரத் தொடங்கியிருந்தன. ஒரு பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்ல மைக்கைத் திறந்தேன். படம் வரைந்து காட்டக் கொப்பி எடுக்கலாம் என்று எழும்பினேன். போகுமுன் பொட்டை எடுத்துக் கமராவில் ஒட்டினேன், அவ்வளவு கவனம். மைக் திறந்தபடியே கிடந்தது.

வாசலில் ஒரு மான் அம்மாவின் செம்பரத்தையைத் தின்றுகொண்டிருந்தது. அம்மா அதை விரட்டுகிறார். மதிலுக்கு அந்தப் பக்கம் மாமி. மானைப் பற்றித் தொடங்கிய கதை செடிக்குப் போய், விலைவாசிக்குப் போய், என் வகுப்புக் காசுக்கு வந்து நின்றது. "இன்ன வீட்டுப் பிள்ளைக்கு மூண்டு மாசமாக் காசு வரேல்லை, இவளும் கேக்கமாட்டாள்" என்று அம்மா பெயரோடு சொன்னார். அந்தப் பிள்ளை வகுப்பில் இருந்தாள்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஒரு பையன், "மிஸ், மான் போயிட்டுதா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. திரையில் 37 என்று இருந்ததைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஊரடங்கு தளர்ந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு, காசு பற்றி நான் ஒரு சொல்லும் பேசாதபோதே மூன்று மாதக் காசை ஒரு கடித உறையில் வைத்து நீட்டினார். அதை வாங்குவதும் குற்றம், வாங்காமல் விடுவதும் குற்றம் என்பது போல ஒரு நிலை. யாரும் என்னை ஹக் செய்யவில்லை. ஒரு வைரசும் இல்லை. கண்ணுக்கு இமை போட்டேன், காதைத் திறந்து வைத்தேன், வெட்கப்பட்டது வேறொரு வீடு.

ஒட்டினால் பார்ப்பது நிற்கும், ஒட்டுக்கேட்பது நிற்காது. மைக் துளையில் டேப் ஒட்டினால் சத்தம் கொஞ்சம் அமுங்கும், அவ்வளவே. பல லப்டொப்புகளில் துளை ஒன்றல்ல, இரண்டோ அதற்கு மேலோ இருக்கும், சிலவற்றில் அவை எங்கே இருக்கின்றன என்று தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. மைக் உள்ள பழைய ஹெட்போன் ஒன்றின் முனையை வெட்டிக் குழிக்குள் செருகிவிட்டால் மைக் செத்துவிடும் என்று இணையத்தில் சொல்வார்கள். கணினி வெளி மைக் வந்துவிட்டது என்று நினைத்து அதற்கு மாறும், உண்மை. ஆனால் திரும்ப உள் மைக்குக்கு மாற்ற ஒரு கட்டளை போதும். தற்செயலான தவறுகளைத் தடுக்கும், வேண்டுமென்று வருபவனைத் தடுக்காது.

சூமில் மியூட் செய்வது? மியூட்டில் இருக்கும்போது பேசிப் பாருங்கள். "நீங்கள் மியூட்டில் இருக்கிறீர்கள்" என்று திரை சொல்லும். நீங்கள் பேசியது அதற்கு எப்படித் தெரிந்தது? கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது. மற்றவர்களுக்கு அனுப்பாமல் இருப்பதுதான் மியூட். கெட்ட எண்ணம் இருக்கிறது என்று சொல்லவில்லை, அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்த நாளுக்குப் பிறகு நான் செய்தது மிகவும் எளிமையானது. லப்டொப்பின் உள் மைக்கையே முடக்கிவிட்டு, யுஎஸ்பி ஹெட்செட் ஒன்று வாங்கினேன். வகுப்புக்குச் செருகுவேன், முடிந்ததும் கழற்றி மேசையில் வைப்பேன். கழற்றிய மைக்கை எந்த மென்பொருளாலும் திறக்க முடியாது. விண்டோஸில் டிவைஸ் மனேஜரைத் திறந்து, ஒலி உள்ளீடுகளின் கீழ் இருக்கும் மைக்ரோபோனை வலது கிளிக் செய்து 'டிசேபிள் டிவைஸ்' கொடுத்தால் உள் மைக் அடங்கும். கணினியின் முழு அதிகாரமும் கைக்கு வந்த ஒருவன் அதைத் திரும்ப இயக்கலாம் என்பதால், முடிந்தால் இன்னும் ஒரு படி கீழே போங்கள். திங்க்பேட் போன்ற அலுவலக லப்டொப்புகள் பலவற்றில் கணினி தொடங்கும்போது வரும் பயோஸ் திரையிலேயே கமராவையும் மைக்கையும் நிறுத்தலாம். அங்கே நிறுத்தினால் விண்டோஸுக்கு அப்படி ஒரு மைக் இருப்பதே தெரியாது. பயோஸுக்கு ஒரு கடவுச்சொல்லும் போட்டு, அதைக் கொப்பியில் எழுதி வையுங்கள், மறந்தால் பெரிய கரைச்சல். மக்புக்காரர்களுக்கு இதில் அதிர்ஷ்டம். ஆப்பிளின் டி2 பாதுகாப்புச் சிப் உள்ளவற்றிலும் அதற்குப் பின் வந்த ஆப்பிள் சிலிக்கன் மக்புக்குகளிலும் மூடியை மூடியதும் மைக் மின்சுற்றிலேயே துண்டிக்கப்படுகிறது.

அனுமதிப் பட்டியலையும் பாருங்கள், ஆனால் அதை முழுதாக நம்பவேண்டாம். விண்டோஸ் 11 இல் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் கமரா, மைக்ரோபோன் என்று தனித்தனியாக இருக்கும். எந்தச் செயலி கடைசியாக எப்போது பயன்படுத்தியது என்ற நேரம் அங்கே கிடைக்கும், அதுதான் எனக்கு அதிகம் உதவியது. ஸ்டோரிலிருந்து இறக்கிய செயலிகளை ஒவ்வொன்றாக நிறுத்தலாம். நாம் சாதாரணமாக இறக்கி நிறுவும் டெஸ்க்டொப் செயலிகளுக்கோ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சுவிட்ச்தான். சில டெஸ்க்டொப் செயலிகள் அந்த சுவிட்சையும் தாண்டிப் போகக்கூடும் என்று மைக்ரோசொஃப்டே எழுதி வைத்திருக்கிறது. மக்கில் 2018 இல் வந்த மொஹாவியிலிருந்து ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்டே ஆகவேண்டும், 2021 இன் மொன்டரேயிலிருந்து மைக் இயங்கினால் மேலே செம்மஞ்சள் புள்ளி தெரியும். குரோமில் முகவரிக்கு இடது பக்கம் உள்ள சின்னத்தை அழுத்தினால் அந்தத் தளத்துக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கலாம். எப்போதோ ஒரு நேர்முகத் தேர்வுக்குக் கொடுத்த அனுமதி இன்னும் அங்கேயே கிடக்கும்.

இதையெல்லாம் விட முக்கியமானது, கமராவையும் மைக்கையும் நமக்குத் தெரியாமல் இயக்கும் மென்பொருள் உள்ளே எப்படி வருகிறது என்பது. யாரோ ரஷ்யாவில் இருந்து நம் கணினிக்குள் குதிப்பான் என்ற படம் எல்லார் மனதிலும் இருக்கிறது. ஆனால் அவன் நமக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். பிளாக்ஷேட்ஸ் என்று ஒரு உளவு மென்பொருள் இருந்தது. விலை 40 டொலர், நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் 5 இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் புகுந்திருந்ததாக 2014 இல் அமெரிக்க அதிகாரிகள் அறிவித்தார்கள். 40 டொலர் கொடுக்க ஹக்கராக இருக்கத் தேவையில்லை, பொறாமை போதும். 2013 இல் மிஸ் டீன் யுஎஸ்ஏ பட்டம் வென்ற கசிடி வுல்ஃபை அவருடைய கமரா வழியாகப் படமெடுத்து மிரட்டியவன் அவர் படித்த பள்ளியிலேயே படித்தவன். அவனுக்கு 18 மாதச் சிறை கிடைத்தது.

நம்மூரில் இரண்டு வாசல்கள் அகலத் திறந்து கிடக்கின்றன. ஒன்று கிராக், அதாவது காசு கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளைத் திருட்டுத்தனமாகத் திறந்து தரும் கோப்பு. "நிறுவுமுன் அன்ரிவைரசை நிறுத்தவும்" என்று சொல்லும் எந்தக் கோப்பும், "நாய்களைக் கட்டிவிட்டுக் கதவைத் திற" என்று சொல்லும் விருந்தாளிதான். மற்றது ரிப்பேர் கடை. என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தியின் லப்டொப்பைத் திருத்தக் கொடுத்து வாங்கினார்கள். தூர இருந்து இயக்கும் மென்பொருள் ஒன்று, யாரும் அனுமதி கொடுக்காமலே உள்ளே வரக்கூடிய நிரந்தரக் கடவுச்சொல்லோடு, அதில் விடப்பட்டிருந்தது. அடுத்த தடவை பிரச்சினை வந்தால் கடையில் இருந்தபடியே பார்க்கலாம் என்ற நல்லெண்ணமாகவும் இருக்கலாம். ஆனால் அவளுக்கு அதைச் சொல்லவில்லை, என்னைப் பொறுத்தவரை அது போதும் கோபப்பட. திருத்தி வந்த லப்டொப்பில் நிறுவிய செயலிகளின் பட்டியலை நீங்களே ஒரு தடவை வாசியுங்கள். டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவை நீங்கள் போடாமல் இருந்தால் நீக்குங்கள். சந்தேகம் தீராவிட்டால் விண்டோஸோடு வரும் அன்ரிவைரசான டிஃபென்டரின் ஒஃப்லைன் ஸ்கானை ஓட்டுங்கள். அதற்கும் மனம் ஆறாவிட்டால், 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை இறக்கிப் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஒரு பின்னேர வேலை. கடைக்காரர் தரும் சீடியில் இருந்து போட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

அலுவலகமோ பள்ளிக்கூடமோ தந்த லப்டொப் என்றால் அதை அவர்கள் வீட்டு ஜன்னல் என்றே எண்ணுங்கள். 2010 இல் அமெரிக்காவின் லோவர் மேரியன் பள்ளி மாவட்டம் மாணவர்களுக்குக் கொடுத்த லப்டொப்புகளின் கமராக்கள் வீட்டுக்குள் இருந்த பிள்ளைகளைப் படமெடுத்தது வெளிவந்து, வழக்கு 6,10,000 டொலரில் முடிந்தது. அந்த லப்டொப்பைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு நிமிடம் திரும்புகிறேன். பொதுவான மிரட்டலாக இல்லாமல் உண்மையாகவே உங்கள் படத்தை யாராவது அனுப்பியிருந்தால் எதையும் அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 ஐ அழையுங்கள். பெண் என்றால் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி நடத்தும் உதவிச் சேவையான ஹிதவதியிடம் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். அனுமதியில்லாமல் பிறர் கணினிக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம்.

என் வீட்டு ஏற்பாடு இன்றும் அதேதான். பொட்டு, முடக்கிய உள் மைக், கழற்றி வைக்கும் ஹெட்செட். மான் இப்போதும் வருகிறது. அம்மா மாமியோடு மதிலடியில் நிற்குமுன் உள்ளே எட்டிப் பார்த்து, "வயரைக் கழட்டியாச்சோ?" என்று கேட்கிறார்.