பத்தாயிரத்துக்கு எட்டு நாள்

கேள்வி: மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் மாதம் 10,000 ரூபா கொடுக்கிறது. வெளிநாட்டுச் சொந்தக்காரரும் அனுப்புகிறார்கள். போதாதென்று உதவியாளர் வைக்கவும் காசு கேட்கிறார்களே, தாய் சகோதரம் செய்கிற கடமைக்கு விலை பேசலாமா?
- வாசகர் ஒருவர், விசுவமடு

பதில்: விலையை முதலில் பேசியது நீங்கள்தான். சரி, உங்கள் 10,000 இலிருந்தே தொடங்குவோம். 7,500 ஆக இருந்த கொடுப்பனவை 2025 இல் கூட்டினார்கள், நல்ல விஷயம். அதே ஆண்டில் தனியார் துறைக்கு நாளொன்றுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,080 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 1,200 ரூபா என்றும் சட்டம் வந்தது. அரிசி, மருந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற ஓட்டோ என்று ஒன்றுக்கும் சதம் எடுக்காமல் முழுக்காசையும் உதவியாளருக்கே கொடுத்தாலும் அவர் எட்டு நாள் வருவார். மிச்ச நாளெல்லாம் யார்?

அம்மாதான். 2009 இல் முள்ளிவாய்க்காலில் ஷெல் பட்டு முள்ளந்தண்டு போனபோது இருபது வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது, அம்மாவுக்கு அறுபதும் தாண்டியிருக்கும், வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. தானாகத் திரும்ப ஏலாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும், குழாய் போட்டுச் சிறுநீர் எடுப்பது பிந்தினால் கிருமி தொற்றும், கடைசியில் சிறுநீரகத்தில் போய் நிற்கும். இதெல்லாம் இரவிலும் நடக்க வேண்டும். அறுபது கிலோ ஆளைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுகிற அந்த அம்மாவின் இடுப்பை யாராவது விசாரித்தார்களா? (நாற்காலி கொடுக்கிறபோது படம் எடுக்க மட்டும் நாலு பேர் வருவார்கள்.)

இதே வேலையை எங்கள் பிள்ளைகள் லண்டனில் செய்தால் அதற்குப் பெயர் கெயர் வேலை, மணிக்கணக்கில் சம்பளம். இங்கே செய்தால் பாசம். அந்தப் பிள்ளைகள் அனுப்புகிற காசு வருகிறதுதான், ஆனால் அங்கே ஒருவருக்கு வேலை போனால் இங்கே அடுத்த மாதமே நின்றுவிடும். அதை நம்பி யாரை மாதச் சம்பளத்துக்கு வைப்பது?

சுவீடனில் 1994 இலிருந்து இதற்கென்றே சட்டம் இருக்கிறது. ஆளுக்கு எத்தனை மணித்தியாலம் உதவி தேவை என்று பார்த்து அதற்குக் காசு ஒதுக்குகிறார்கள், யாரை வைப்பது, யாரை நிறுத்துவது என்பதை உதவி பெறுகிறவரே தீர்மானிக்கிறார். அது பணக்கார நாடு என்பீர்கள். பணக்கார நாடுகளிலும் எல்லாம் பாலும் தேனும் இல்லை. பிரித்தானியா இதற்கென வைத்திருந்த நிதியம் ஒன்றை 2015 இல் மூடியே விட்டது. ஆனால் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது, அதன் 19 ஆம் உறுப்புரையில் தனிநபர் உதவி என்றே எழுதியிருக்கிறது. யாரும் கழுத்தைப் பிடித்துக் கையெழுத்து வாங்கவில்லை.

எல்லோருக்கும் நாளைக்கே இருபத்துநாலு மணித்தியாலமும் ஆள் கொடு என்று நான் கேட்கவில்லை. யாருக்கு ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் உதவி தேவை என்று பிரதேச செயலகங்கள் வீடு வீடாகக் கேட்டு எழுதட்டும். செலவு எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும், அதைப் பாராமல் காசில்லை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொடுப்பனவைத் தொடாமல் உதவியாளருக்கு வேறாக நிதி ஒதுக்கட்டும், மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் வேலையில்லாமல் இருக்கிற பெடியன்கள் பெட்டையளுக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளத்துக்கு எடுக்கட்டும். அம்மாவோ அக்காவோதான் செய்வோம் என்று நின்றால் அந்தச் சம்பளம் அவர்களுக்கே போகட்டும், ஏலாது என்று அவர்கள் சொல்கிற அன்றைக்கு வேறு ஆள் வரட்டும்.