முப்பது வயதுக்கு மேல் எம்.பி.பி.எஸ். சேர்வது இளையவர்களின் இடத்தைப் பறிப்பதாகாதா?

உங்களுக்கு நீட் எழுதும் ஆசை இருக்கிறது என்றும், இந்தக் கேள்வியைக் கேட்டு வீட்டார் உங்கள் வாயை அடைத்துவிட்டார்கள் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். என் வீட்டில் நடந்தது அதுதான்.

பொதுப் பிரிவினருக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்றிருந்த வயது உச்சவரம்பைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022 மார்ச்சில் முறைப்படி நீக்கியபோது (அதற்கு முன்பே நீதிமன்ற இடைக்கால உத்தரவால் மூத்தவர்களும் தேர்வு எழுத முடிந்தது), நான் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். பணி முடித்து வந்து, மகளைத் தூங்கவைத்த பிறகு, நான் பள்ளியில் படித்தவற்றோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத புதிய பாடநூல்களை எடுத்துக்கொண்டு உட்காருவேன். மொத்தம் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு உரியது என்பதால் ஆய்வக அனுபவம் கைகொடுக்கும் என்று நம்பினேன்; ஆனால் அதில் பாதி தாவரவியல். இயற்பியலைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

2023-இல், என் 34-ஆம் வயதில், அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. செய்தியைக் கேட்ட பெரியப்பா வாழ்த்தவில்லை. தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டின் தரவரிசையில் இடம்பெற்றும், மருத்துவம் படித்த தம் மகனின் சொல்லை ஏற்று 2022 ஜனவரியில் இளையவர்களுக்காக விலகிக்கொண்டதை நினைவூட்டி, "அந்த வாத்தியாருக்கு இருந்த மனசு உனக்கு இல்லையே, அம்மணி" என்றார்.

அந்த ஆசிரியர்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடிந்தால் அவருக்கு 66 வயது கடந்திருக்கும். எனக்கு நாற்பதுதான் ஆகும், அதன்பின் குறைந்தது இருபது ஆண்டுகள் பணி செய்ய முடியும். அரசுக் கல்லூரியில் படித்துவிட்டுப் பட்டத்தோடு வெளிநாட்டுக்கு விமானம் ஏறும் இருபத்து நான்கு வயதுக்காரரிடம், 'யாருடைய இடத்தை எடுத்தாய்' என்று எந்தப் பெரியப்பாவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கணவரின் சம்பளம் இருந்ததால் இவரால் முடிந்தது என்று சிலர் பின்னூட்டமிடக்கூடும். ஆம், இருந்தது, அது இல்லாமல் நான் துணிந்திருக்கமாட்டேன். ஆகவே, வேலையைத் தொடர்ந்துகொண்டே படித்துவிடலாம் என்னும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள்: வகுப்புகளுக்கு 75, செய்முறைக்கு 80 விழுக்காடு வருகை கட்டாயம், முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புகள் மட்டுமே உண்டு, உதவித்தொகை என்று கையில் ஏதேனும் வருவது கடைசி ஓராண்டுப் பயிற்சிக் காலத்தில்தான்.