வட்டத்தில் உட்கார்ந்த பிறகு: குழு விவாதம் பற்றிய கேள்வி-பதில்

எங்கள் விவசாயிகள் கூட்டத்துக்கு அறுபது பேர் வருவார்கள் போலிருக்கிறது. எத்தனை குழுவாகப் பிரிக்கலாம்? (மன்னார்குடி)

எட்டு, ஒன்பது. ஒரு வட்டத்துக்கு ஆறேழு பேர், எட்டைத் தாண்ட வேண்டாம். அத்தனை குழுவை நடத்த ஆள் இல்லையே என்று அடுத்து கேட்பீர்கள். வெளியாள் தேவையே இல்லை. நேரம் பார்க்க ஒருவர், சார்ட்டில் குறிப்பெடுக்க ஒருவர், இரண்டு பேரும் அந்த வட்டத்திலிருந்தே.

எங்கள் கூட்டம் ஒவ்வொரு தடவையும் சொதப்புகிறது. வழி சொல்லுங்கள். (ஊர் பெயர் இல்லை)

எத்தனை பேர், எவ்வளவு நேரம், என்ன கேள்வி வைத்தீர்கள், ஒன்றையுமே எழுதாமல் வழி கேட்டால் நான் என்ன சொல்வது? ‘விவசாயத்தின் எதிர்காலம்’ மாதிரி ஏதாவது தலைப்பு வைத்திருப்பீர்கள் என்பது என் ஊகம். ‘இந்த வருஷம் குறுவை போடலாமா, சம்பாவோடு நிறுத்திக்கொள்ளலாமா’ என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக வரும். அடுத்த தடவை விவரத்தோடு எழுதுங்கள்.

என் குழுவிலிருந்து நாலு பேர் பாதியில் எழுந்து பக்கத்து வட்டத்துக்குப் போய்விட்டார்கள். அவமானமாக இருந்தது. (மயிலாடுதுறை)

ஓப்பன் ஸ்பேஸ் முறையில்தானே, அதாவது என்ன பேசுவது, எந்த வட்டத்தில் உட்காருவது என்பதை வந்தவர்களே முடிவு செய்கிற முறையில்தானே நடத்தினீர்கள்? அப்படியானால் அவர்கள் விதிப்படி நடந்திருக்கிறார்கள். 1980களில் ஹாரிசன் ஓவன் உருவாக்கிய இந்த முறையின் விதி அது: ஓரிடத்தில் கற்கவும் ஒன்றுமில்லை, கொடுக்கவும் ஒன்றுமில்லை என்றால் இரண்டு கால்களையும் பயன்படுத்தி வேறிடம் போகலாம். அப்படிப் போகிறவர்கள்தான் ஒரு வட்டத்தின் பேச்சை இன்னொன்றுக்குக் கொண்டுசேர்க்கிறார்கள். நம் ஊரில் எழுந்து போனால் மரியாதைக் குறைவு என்று நினைப்போம், அதனால் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இந்த விதியைச் சொல்லிவிடுங்கள்.

ஒரே பெரியவர் அரை மணி நேரம் பேசுகிறார். வயதில் மூத்தவர், நிறுத்தச் சொல்ல முடியவில்லை. (கும்பகோணம்)

பேச ஆரம்பித்த பிறகு நிறுத்துவது கஷ்டம். கேள்வியை வைத்ததும் ஒரு நிமிடம் எல்லோரும் சும்மா யோசிக்கட்டும், அப்புறம் இரண்டிரண்டு பேராகப் பேசட்டும், அப்புறம் நாலு பேராக, அதன் பிறகே முழு வட்டம். அதற்குள் எல்லோரும் ஒரு தடவையாவது வாய் திறந்திருப்பார்கள். அப்படியும் நீண்டால், “ஐயா, நீங்க சொன்னது சார்ட்டில் ஏறிடுச்சு, இன்னும் பேசாதவங்க மூணு பேர் இருக்காங்க” என்று சொல்லுங்கள். தான் சொன்னது எழுத்தில் இருப்பதைப் பார்த்தாலே பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். வட்டத்தில் எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் இதுவும் பலிக்காது, திரும்பவும் சொல்கிறேன்.

குறிப்பெடுப்பவர் எப்படி எழுத வேண்டும்? சுருக்கமாகவா, விரிவாகவா? (திருவாரூர்)

சொன்னவர் வாயில் வந்த சொல்லில். எனக்கு நிஜமாகவே வயிற்றெரிச்சல் தருகிற விஷயம் இது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடை ஊரிலிருந்து வந்த ஒரு அம்மா, அதுவரை வாயே திறக்காதவர், “எங்க மடைக்குத் தண்ணி வர்றதுக்குள்ள நாத்து முத்திப்போகுது” என்றார். குறிப்பெடுத்த தம்பி படித்தவர், நல்ல பையன். சார்ட்டில் ‘நீர் மேலாண்மைக் குறைபாடு’ என்று எழுதினார். அவ்வளவுதான், அந்த அம்மா சொன்னது காணாமல் போய்விட்டது. மேட்டூர் அணையை வழக்கமான நாளான ஜூன் 12-இலேயே திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எட்ட நாளாகும், நாற்றங்காலில் முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது, அதாவது பக்கத்தில் புதுத் தண்டு விடாது, விளைச்சல் குறையும், இத்தனையும் அவர் சொன்ன ஒரு வரிக்குள் இருந்தது. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது நாற்றின் வயதையும் கணக்கில் எடுக்கலாமா என்று அதிலிருந்து ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். ‘நீர் மேலாண்மை’ என்று எழுதியதும் எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். அந்த அம்மா அன்று மறுபடி பேசவில்லை.

அதனால் மூன்றே விஷயம் கேட்கிறேன். சொன்ன சொல்லையே எழுதுங்கள், கொச்சையாக இருந்தாலும் திருத்தாதீர்கள். எழுதியதை உடனே படித்துக் காட்டி, “நீங்க சொன்னது இதுதானேம்மா?” என்று கேளுங்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருக்கும் வட்டத்தில் இதை ஒரு தடவைகூட விடக் கூடாது. தலைப்புப் போட்டுத் தொகுப்பதெல்லாம் கூட்டம் முடிந்த பிறகு, அதுவும் சொன்னவர்கள் பக்கத்தில் இருக்கும்போது.

கடைசியில் ஒவ்வொரு குழுவும் மைக்கில் தொகுத்துச் சொல்ல எத்தனை நிமிடம் ஒதுக்கலாம்? (பட்டுக்கோட்டை)

ஒதுக்காதீர்கள். ஒன்பது குழு பத்துப் பத்து நிமிடம் பேசினால் ஒன்றரை மணி நேரம் போய்விடும், சாப்பாடும் ஆறிவிடும். சார்ட்டுகளைச் சுவரில் ஒட்டிவிட்டு எல்லோரையும் நடந்து படிக்கச் சொல்லுங்கள். படிக்க முடியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் படித்துச் சொல்லட்டும், எழுதியிருக்கிறபடியே.

எந்த மாதத்தில் வைத்தால் ஆள் வரும்? (வேதாரண்யம்)

சம்பா அறுப்பு முடிந்து மாசி, பங்குனியில். வெயில் ஏறுவதற்குள், காலை ஒன்பதுக்கே ஆரம்பித்துவிடுங்கள்.