பைதானுக்குத் தாவலாமா, ஜாவாவிலேயே இருக்கலாமா?

கேள்வி: ஒன்பது வருடமாக ஜாவா 8-இல்தான் வேலை. எல்லாரும் ஏஐ, பைதான் என்கிறார்கள். மொழியை மாற்றிவிடலாமா?

ஜாவா பழசாகவில்லை, நீங்கள் நிற்கும் 8-ஆம் பதிப்புதான் பழசு. அது 2014-இல் வந்தது. ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட் 3 ஓடுவதற்கே குறைந்தது ஜாவா 17 வேண்டும். அதனால் பழைய புராஜெக்ட்களை மேலே ஏற்றும் வேலை நிறைய கம்பெனிகளில் நடக்கிறது. அதைச் செய்து பார்த்தவருக்கு மதிப்பு உண்டு.

வீட்டில் ஒரு சின்ன புராஜெக்டை 8-இல் எழுதி 21-க்கு ஏற்றிப் பாருங்கள் (ஆபீஸ் கோடைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அது வேறு வம்பு). கூடவே ஸ்பிரிங் பூட் 3-க்கும் போனால், ஜாவாஎக்ஸ் (javax) என்று தொடங்கும் இம்போர்ட்களில் பல, ஜகார்த்தா (jakarta) என்று மாற வேண்டியிருக்கும். ஆனால் எல்லாம் அல்ல. டேட்டாபேஸுக்கான ஜாவாஎக்ஸ் எஸ்க்யூஎல் அப்படியேதான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஃபைண்ட்-ரிப்ளேஸ் அடித்தால் பில்ட் படுத்துவிடும். எக்ஸ்எம்எல்லுக்கு ஜேஏஎக்ஸ்பி (JAXB, கடைசி எழுத்து B) பயன்படுத்தியிருந்தால், 11-இலிருந்து அது ஜாவாவின் டெவலப்மென்ட் கிட்டான ஜேடிகே-வுடன் வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். இப்படி முட்டி மோதிய கதையை வைத்தே இன்டர்வியூவில் பத்து நிமிடம் பேசலாம்.

பைதானைப் பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். முழுக்கத் தாவினால் அங்கே நீங்கள் புது ஆள், சம்பளப் பேச்சும் அந்தக் கணக்கில்தான் தொடங்கும்.

கேள்வி: ஏடபிள்யூஎஸ், அஷூர் என்ற இரண்டு கிளவுட் சேவைகளில் எந்தச் சான்றிதழை முதலில் எடுப்பது?

உங்கள் கிளையண்ட் எதில் இருக்கிறாரோ அதை. படித்ததை மறுநாளே ஆபீஸில் தொட்டுப் பார்க்க முடியும்.

இரண்டும் சமமாக இருந்தால் செலவைப் பாருங்கள். ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வு 65 கேள்விகள், 130 நிமிடம், 150 டாலர், அதற்கு மேல் வரி. மூன்று வருடம் செல்லும். அஷூரின் அசோசியேட் சான்றிதழ்கள் ஒரே வருடம்தான், ஆனால் ஆன்லைனில் இலவசமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். கட்டணத்தை உங்கள் கம்பெனி திருப்பித் தருமா என்று மேனேஜரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். கேட்காமலே கைக்காசு போட்டவர்கள் ஏராளம்.

கேள்வி: டம்ப் (தேர்வில் வந்த கேள்வி-பதில்களின் திருட்டுத் தொகுப்பு) வாங்கிப் படித்தால் ஒரே வாரத்தில் பாஸ் ஆகலாம் என்கிறான் நண்பன்.

ஆகலாம். பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகும். பிடிபடாவிட்டாலும், "பிரைவேட் சப்நெட்டில் (வெளியிலிருந்து நேரே எட்ட முடியாத நெட்வொர்க் பகுதி) இருக்கும் சர்வர் அப்டேட்டை எப்படி இறக்கும்?" என்று இன்டர்வியூவில் கேட்பார்கள். நாட் கேட்வே என்ற பதில் டம்ப்பில் இருந்திருக்கும். அதை எந்த சப்நெட்டில் வைப்பீர்கள், ரூட் டேபிளில் என்ன எழுதுவீர்கள் என்ற அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். மனப்பாடம் எடுபடாத தேர்வு வேண்டுமென்றால் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸின் நிர்வாகிகளுக்கான சிகேஏ (CKA) எழுதுங்கள். இரண்டு மணி நேரம் டெர்மினலில் உட்கார்ந்து கிளஸ்டரைச் சரிசெய்ய வேண்டும். அந்தச் சான்றிதழை நான் பார்த்தால் ஒரு கேள்வி குறைத்தே கேட்பேன்.

கேள்வி: குழந்தை பிறந்தபின் எட்டு வருட இடைவெளி. முன்பு பிஎச்பி 5. இனி புதிதாக ஜாவாஸ்கிரிப்டில் தொடங்கவா?

பிஎச்பி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது மேடம், வேர்ட்பிரஸ் முழுக்க அதில்தான் ஓடுகிறது. நேராக 8-க்கு வாருங்கள். உங்கள் காலத்து மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை 7-லேயே எடுத்துவிட்டார்கள், இப்போது டேட்டாபேஸோடு பேச பிடிஓ (PDO). அப்புறம் பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல், கூடவே கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git). சான்றிதழுக்கு இப்போது செலவு செய்ய வேண்டாம். லாராவெல்லில் ஒரு சின்ன அப்ளிகேஷன் செய்து ஹோஸ்ட் செய்யுங்கள், அந்த லிங்க்கை ரெஸ்யூமேயின் முதல் பக்கத்தில் போடுங்கள்.

கேள்வி: ரஸ்ட் மொழி படிக்கலாமா?

ஆசைக்கு, தாராளமாக. அடுத்த மாதமே வேலை மாற வேண்டும் என்றால் முதலில் எஸ்க்யூஎல்லைச் சரியாகப் படியுங்கள்.