கெட்டுப்போன கஞ்சி மாதிரி ஒரு சூப்பு (வாசகர் கடிதமும் பதிலும்)

அண்ணா,

உங்க கிராக்கோவ் சாப்பாட்டு கட்டுரைய படிச்சுட்டு ஆசையா போலந்துக்கு வந்தேன். வ்ரோட்ஸ்வாஃப்ல படிக்க வந்து மூணு மாசம் ஆச்சு. உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், பன்னிக்கறி, இந்த மூணையும் எடுத்துட்டா இங்க என்ன மிச்சம்? நேத்து கேன்டீன்ல ஒரு சூப் குடுத்தாங்க, கெட்டுப்போன கஞ்சி மாதிரி ஒரே புளிப்பு, உள்ள பாதி முட்டை வேற மிதக்குது. நீங்க என்னத்த ரசிச்சீங்கன்னு நெஜமாவே புரியல. கோவிச்சுக்காதீங்க.

ஒரு வாசகன்

தம்பி,

கோவமெல்லாம் இல்ல, சிரிப்புதான் வந்துச்சு. ஏன்னா கிட்டத்தட்ட சரியாதான் சொல்லிருக்கீங்க. நீங்க குடிச்சது ஜூரெக். ரைங்கற தானியத்தோட மாவ வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு, பூண்டு, பிரிஞ்சி இலை, ஆல்ஸ்பைஸ் எல்லாம் போட்டு, ஜாடி வாயில துணியக் கட்டி நாலஞ்சு நாள் புளிக்க விடுவாங்க. அதுக்கு ஸாக்வாஸ்னு பேரு, அத ஊத்திக் கொதிக்க வெக்கறதுதான் ஜூரெக்.

அத திட்டுற மொத ஆளும் நீங்க இல்ல. அந்தக் காலத்துல ஈஸ்டருக்கு முன்னாடி நாப்பது நாள் தவக்காலம் பூரா கறி கிடையாது, கிராமங்கள்ல ஜூர்னும் சொல்ற இந்த சூப்பும் ஹெர்ரிங் மீனுமா மாத்தி மாத்தி சாப்ட்டு வெறுத்துப் போயிருப்பாங்க, கடைசில தவக்காலம் முடியுற சமயத்துல பசங்க எல்லாம் சேர்ந்து ஜூர் பானையத் தூக்கிட்டுப் போய் ஒடைச்சு மண்ணுல பொதைச்சிருவாங்க, மீன மரத்துல தொங்க விட்ருவாங்க. சாப்பாட்டுக்கு சாவு எடுக்குறது! ஆனா பாருங்க, ஈஸ்டர் காலைல அதே ஐட்டம் வெள்ளை சாசேஜும் அவிச்ச முட்டையுமா மறுபடி மேசைக்கு வந்துரும்.

அங்க காரத்த தேடாதீங்க தம்பி, புளிப்ப புடிங்க. புளியும் இல்ல, எலுமிச்சை மரமும் இல்ல, குளிரோ மாசக்கணக்குல போகாது, அப்ப புளிப்பு வேணும்னா காத்திருந்துதான் உண்டாக்கணும். முட்டைகோஸ உப்பு போட்டு பீப்பாயில புளிக்க வெச்சாங்க, வெள்ளரிக்காய சோம்புக்கீர மாதிரி இருக்குமே அந்த டில்லோட பூண்டும் ஹார்ஸ்ராடிஷ்ங்கற கார வேரும் சேர்த்து உப்புத்தண்ணில போட்டாங்க, பீட்ரூட்டக் கூட விடல. அந்தப் புளிச்ச வெள்ளரிக்காயிலயே ஒரு சூப் இருக்கு, ஒகுர்கோவா. எனக்கு ஜூரெக்க விட அதான் பிடிக்கும்.

நான் கிராக்கோவ்ல வாடகைக்கு இருந்த வீட்டுல அந்தப் பாட்டியம்மா செய்யறதப் பாத்துட்டு, இதென்ன பெரிய வித்தைன்னு நானும் ஒரு ஜாடி போட்டேன். துணி கட்டாம மூடிய இறுக்கிட்டேன், தினமும் கிளறவும் இல்ல. ஆறாம் நாள் தொறந்தா மேல பஞ்சு மாதிரி பூசணம். பாட்டி ஒரு வார்த்த பேசல, மோந்து பாத்துட்டு அப்படியே சிங்க்ல கவுத்துட்டு அவங்க ஜாடிலேர்ந்து ஒரு கப் ஊத்திக் குடுத்தாங்க.

பிகோஸ் சாப்ட்டீங்களா? புளிச்ச கோஸும் பச்சைக் கோஸும் ரெண்டு மூணு வகை கறியும் காட்டுக் காளான் காயவெச்சதும் உலர்ந்த பிளம்மும் போட்டு வேக வெப்பாங்க, ஆற வெச்சு மறுநாள் சூடு பண்ணுவாங்க, அதுக்கு மறுநாளும். செஞ்ச அன்னிக்கே சாப்ட்டுட்டு நல்லால்லன்னு சொல்றது நியாயமே இல்ல, நம்ம மீன்கொழம்பு கதைதான்.

கறி வேணாம்னா பால் பாருக்குப் போங்க, பார் ம்லெச்னின்னு போர்டு இருக்கும். 1896ல வார்சால ஆரம்பிச்ச சமாச்சாரம், பால், மாவு, காய்கறி வெச்சு மலிவா செய்யற சாப்பாடு, இன்னிக்கும் அரசாங்க மானியம் இருக்கு. அங்க பியெரோகி ருஸ்கியே கேளுங்க, உருளைக்கிழங்கும் த்வாரூக்னு சொல்ற பால்கட்டியும் வெச்ச கொழுக்கட்ட மாதிரி ஒண்ணு. பேரப் பாத்து ரஷ்யாதுன்னு நெனைக்காதீங்க, அது ரூஸ்ங்கற பழைய பகுதியோட பேரு, இப்போதைய மேற்கு உக்ரைன் பக்கம். 2022 போருக்கப்புறம் சில கடைல உக்ரைன் பியெரோகின்னே பேர மாத்திட்டாங்க. ஆர்டர் பண்ணும்போது "பெஸ் ஸ்க்வாரெக்"னு மறக்காம சொல்லிருங்க, இல்லாட்டி மேல பன்னிக்கொழுப்ப பொரிச்சு தூவிருவாங்க.

டிசம்பர் 24 வேற வருது. அன்னிக்கு ராத்திரி விகிலியா, வானத்துல மொத நட்சத்திரம் தெரிஞ்சாதான் சாப்பாடு, மீன் உண்டு கறி கிடையாது, பன்னெண்டு ஐட்டம். எதிர்பாராம வர்றவங்களுக்குன்னு மேசைல ஒரு தட்டு காலியாவே வெச்சிருப்பாங்க. கூடப்படிக்கற யாராவது வீட்டுக்குக் கூப்ட்டா யோசிக்காம போங்க, மதியம் சாப்பிடாம போங்க. மொதல்ல புளிக்க வெச்ச பீட்ரூட்ல செஞ்ச செவப்பு சூப் வரும், பர்ஷ்ச், உள்ள குட்டிக் காது மாதிரி காளான் வெச்ச உஷ்கா மிதக்கும். கெட்டுப்போன பீட்ரூட்டான்னு மட்டும் அவங்க அம்மாகிட்ட கேட்டு வெச்சிராதீங்க.