வால் இறகைப் பிடுங்கும் கோழிகள்: கேள்வி பதில்

கேள்வி: 8 அடிக்கு 4 அடி கொட்டிலில் 12 நாட்டுக்கோழிப் பெட்டைகள் வளர்க்கிறேன். தெருநாய்களுக்குப் பயந்து மூன்று மாதமாக வெளியே விடுவதில்லை. தீனி அரிசிக் குருணையும் கம்பும்தான். இப்போது ஐந்தாறு கோழிகளுக்கு வாலடியில் இறகே இல்லை, ஒன்றுக்கு ரத்தம் கசிகிறது. அலகை நறுக்கிவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, வேடசந்தூர்

பதில்: நறுக்க வேண்டாம். அலகுக்குள் நரம்பும் ரத்த ஓட்டமும் உண்டு. நறுக்கினால் வலியோடு கோழி சரியாக மேயவும் முடியாது, கொத்த வைத்த காரணமும் அப்படியே இருக்கும்.

ரத்தம் கசியும் கோழியை இன்றே தனியே எடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாது. ஆசனவாய்ப் பக்கம் புண்ணானால் குடலை இழுத்துக் கொன்றேவிடும். புண்ணை வெதுவெதுப்பான உப்பு நீரில் கழுவி, மஞ்சள் தூளை வேப்பெண்ணெயில் குழைத்துக் காலை மாலை தடவுங்கள். மஞ்சள் நிறம் சிவப்பை மறைக்கும், வேப்பெண்ணெய்க்கு ஈ அண்டாது. புழு வைத்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். புண் முழுதும் காய்ந்த பிறகே கூட்டத்தில் சேர்க்கவும்.

அடுத்து, பேன் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசனவாயைச் சுற்றி இறகின் அடியில் வெள்ளைக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது பேன் முட்டை. ரத்தம் உறிஞ்சும் செவ்வுண்ணி பகலில் மரச்சட்ட இடுக்கில் ஒளிந்திருக்கும், இரவில் டார்ச் அடித்தால்தான் தெரியும்.

உங்கள் கொட்டிலில் முக்கியக் காரணங்கள் தீனியும் நெரிசலும். இறகு பெரும்பாலும் புரதம்தான். குருணையிலும் கம்பிலும் அது போதாது. வெளியே மேய்ந்தபோது கரையானும் புழுவும் அந்தக் குறையை ஈடுகட்டின. அடைத்ததும் அது நின்றுபோனது. கோழி இறகைத் தின்னத் தொடங்கிவிட்டது.

10 கிலோ தீவனத்துக்கு: உடைத்த மக்காச்சோளம் 5 கிலோ, சோயாப் புண்ணாக்கு 2 கிலோ, அரிசித் தவிடு 1½ கிலோ, உப்பில்லாத கருவாட்டுத் தூள் ½ கிலோ, கிளிஞ்சல் தூள் 800 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம், சமையல் உப்பு 30 கிராம். புரதம் ஏறக்குறைய 17 சதவீதம் வரும். உப்புக் கருவாடு என்றால் தனியே உப்பு சேர்க்காதீர்கள். அடைத்து வைத்த கோழிக்கு நாளொன்றுக்கு 100 கிராம் வேண்டும். பழைய தீனியிலிருந்து ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். ஒரே தட்டு வைத்தால் வலுத்த கோழிகளே தின்றுவிடும், இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

கோழிக்கு 4 சதுர அடியாவது வேண்டும், உங்களிடம் இருப்பது மூன்றுகூட இல்லை. கொட்டிலை ஒட்டி வலையடித்து ஒரு திறந்த அடைப்புக் கட்டினால் நாய்ப் பயமும் தீரும். வலையின் அடியை ஓரடி மண்ணில் புதையுங்கள். உள்ளே சாம்பலும் மணலும் கலந்த குழி ஒன்று இருக்கட்டும், புரண்டு குளிக்கும். முருங்கை, அகத்திக் கொத்துகளைக் கோழியின் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். அதைக் கொத்தும் நேரம் இறகைக் கொத்தாது.

தொடங்கி வைத்தது பெரும்பாலும் ஒன்றிரண்டு கோழிகளாகத்தான் இருக்கும். எல்லாம் மொட்டையாக இருக்கையில் எதன் இறகு மட்டும் முழுசாக இருக்கிறதோ, அதன் மீது முதலில் கண் வையுங்கள். அதை நாலைந்து நாள் தனியே வைத்துச் சேர்த்தால் கூட்டத்தில் அதன் அதிகாரம் குறைந்துவிடும்.

வேரோடு பிடுங்கிய இறகு சில வாரங்களில் முளைக்கும். ரத்தம் ஓடும் அந்த இளங்குருத்தைத்தான் மற்றவை மறுபடி குறிவைத்துக் கொத்தும், அது முற்றும் வரை கவனம் தேவை. பாதியில் முறிந்த தண்டோ அடுத்த இறகுதிர்ப்பு வரை அப்படியேதான் நிற்கும்.

கேள்வி: நான்கு பெட்டைகளுக்கும் முதுகு மட்டும் மொட்டை. சேவல் ஒன்று இருக்கிறது. இதுவும் கொத்தலா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இல்லை, சேவல் மிதித்துத் தேய்ந்தது. ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டை வேண்டும். இறகு முளைக்கும் வரை சேவலைப் பிரித்து வையுங்கள். நகத்தின் நுனியையும் கால் முள்ளின் கூர்முனையையும் அரத்தால் மழுங்கத் தேய்த்துவிடுங்கள், ஒட்ட வெட்டினால் ரத்தம் வரும்.