புனித வாரத்தில் மோல்போல்: பேருந்தும் சைவச் சாப்பாடும்

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில், புனித வியாழனன்று பிலிப்பைன்ஸின் செபு நகரத்திலிருந்து கடற்கரை ஊரான மோல்போல் போகிறோம், அம்மா சுத்த சைவம், பேருந்தும் சாப்பாடும் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். முடிந்தால் செவ்வாயே கிளம்பிவிடுங்கள். புதனும் வியாழனும் சொந்த ஊர் போகிற கூட்டம் தெற்குப் பேருந்து நிலையத்தில் நெரியும். சுமார் 90 கி.மீ., சாதாரண நாளிலேயே 3 மணி நேரம் ஆகும். அம்மாவை நிற்க வைத்துக் கூட்டிப்போகாதீர்கள். மோல்போலில் இறங்கினால் பனக்சமா கடற்கரைக்கு டிரைசிக்கிள் (பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள்) கிடைக்கும்.

சாப்பாடுதான் கவனிக்க வேண்டியது. புனித வெள்ளியன்று பல கடைகள் மூடியிருக்கும். பழம், ரொட்டி முந்தின நாளே வாங்கி வையுங்கள். அங்கே காய்கறிக் குழம்பில்கூடப் பன்றித் துண்டோ கருவாடோ கிடக்கும், ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத் தட்டை வாங்குங்கள். ஆனால் வெள்ளியன்று பினிக்னித் காய்ச்சுவார்கள்: தேங்காய்ப்பாலில் சர்க்கரைவள்ளி, சேம்பு, வாழைப்பழம், ஜவ்வரிசி சேர்த்து, நம்ம பாயசம் மாதிரி. அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

கடலில் மத்தி மீன் கூட்டத்தைப் பார்க்கப் படகு எடுக்க வேண்டாம். பனக்சமா கரையிலிருந்து கொஞ்சம் நீந்தினாலே பார்க்கலாம், வருடம் முழுக்க இருக்கும். விடிந்ததும் இறங்குங்கள், அப்புறம் ஆட்கள் கூட்டம் சேர்ந்துவிடும்.